செந்நிற மருந்துக்குப் பெயர் தந்த அல்டோ காஸ்டெலானி

காலபோக விதைப்பு முடிந்து மாரி மழை பிடித்துக்கொண்டதும் வன்னிக் கமக்காரரின் கால்கள் கிழமைக்கணக்கில் ஈரம் உலராமலேயே கிடக்கின்றன. இரணைமடு நீர் பாயும் உருத்திரபுரம் வயல்களில் வரம்பு கட்டுவோரும், பசளை வீசுவோரும், களை பிடுங்கும் பெண்களும் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே சேற்றில் இறங்குகின்றனர். சில நாட்களில் கால்விரல் இடுக்குகள் ஊறி வெளுத்துவிடும். பின்னர் தோல் உரியும். அரிப்பும் எரிவும் தொடங்கும். சேற்றுப்புண் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடும் இந்நோய்க்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அரைத்த மருதோன்றி இலையும் தலைமுறை தலைமுறையாக வீட்டு மருந்துகளாக இருந்து வருகின்றன. வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவர்கள் இதை ஒரு நோயாகக் கருதுவதும் குறைவு. ஆயினும் அந்த வெடிப்பின் வழியே உட்புகும் பக்டீரியாக்கள் காலை வீங்கச் செய்யும், காய்ச்சலில் கிடத்தும், நீரிழிவு உள்ளவராயின் விரலை இழக்கும் நிலைவரை கொண்டுபோய்விடவும் கூடும்.

விரல் இடுக்கில் வேர்கொள்ளும் இத்தகைய பங்கசுத் தொற்றுகளுக்கு ஒரு காலத்தில் உலகின் பல நாடுகளிலும் வைத்தியர்கள் எழுதிக்கொடுத்த மருந்தொன்று உண்டு. கருஞ்சிவப்பு நிறத்தில், கண்ணாடிப் போத்தலில், பஞ்சினால் தொட்டுப் பூசுவதற்காகக் கொடுக்கப்பட்ட அத்திரவத்தின் பெயர் காஸ்டெலானி பூச்சு. பங்கசையும் பக்டீரியாவையும் ஒருசேர அடக்கக்கூடிய தொற்றுநீக்கி அது. அந்தப் பெயருக்குரிய அல்டோ காஸ்டெலானி ஓர் இத்தாலியர். அவரது பெயர் நிலைத்தமைக்கான ஆய்வுகளிற் பெரும்பகுதி கொழும்பில், இலங்கையின் ஏழை நோயாளிகளிடையே நடந்தது என்பதை இங்கே அறிந்தவர்கள் அதிகமில்லை. பிற்காலத்தில் அவர் எந்தக் கொடிக்குக் கீழே சேவை செய்தார் என்பதை அறிந்தவர்கள் அதனினும் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் அம்மனிதரின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1874 செப்டம்பர் 8ஆம் திகதி அவர் பிறந்தார். அந்நகரின் பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பயின்று 1899இல் பட்டம் பெற்றார். அது நுண்ணங்கியியலின் வசந்தகாலம். பாஸ்ரரும் கொக்கும் திறந்துவிட்ட வாசலால் ஐரோப்பாவின் இளம் வைத்தியர்கள் முண்டியடித்துக்கொண்டு நுழைந்த காலம். காஸ்டெலானி ஜெர்மனியின் பொன் நகருக்குச் சென்று வால்தர் குருஸே என்பவரின் ஆய்வுகூடத்தில் பணியாற்றினார். ஒன்றுக்கொன்று நெருங்கிய பக்டீரியா இனங்களை இரத்தச் சீரத்தின் துணையுடன் பிரித்தறியும் சோதனை முறையொன்றை அவர் வகுத்தபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அதன்பின் இலண்டன் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைய வெப்பமண்டல மருத்துவம் எவருக்காகப் பிறந்தது என்பதையும் இவ்விடத்தில் ஒரு வார்த்தையில் சொல்லிவைப்பது நல்லது. குடியேற்ற நாடுகளில் படைவீரரும் தோட்டத் துரைமாரும் தொழிலாளரும் நோயில் வீழ்ந்தால் சாம்ராச்சியத்தின் வருமானம் வீழ்ந்துவிடும். மருத்துவத்துக்கான பணம் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. அந்தப் பணத்தில் விளைந்த அறிவு நமக்கும் பயன்பட்டது என்பதும் மறுக்க முடியாததே.

1902இல் பிரித்தானிய றோயல் சொசைட்டி உகண்டாவுக்கு ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பியது. விக்டோரியா ஏரிக் கரையில் உறக்கநோய் ஊர் ஊராக மக்களை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அக்குழுவில் இளைஞர் காஸ்டெலானியும் இடம்பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் என்டெபேயில் ஒரு நோயாளியின் முள்ளந்தண்டு நீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது அதில் திரிபனோசோம் என்ற ஒட்டுண்ணி நெளிவதைக் கண்டார். ஆனால் வேறொரு பக்டீரியாவே நோய்க்குக் காரணம் என்ற எண்ணத்தில் அவர் அப்போது ஊன்றி நின்றார். தாம் கண்டதன் பெறுமதியை உடனடியாக அவர் உணரவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் டேவிட் புரூஸ் தலைமையில் இரண்டாவது குழு வந்தபோது, தாம் கண்டதை அவரிடம் தெரிவித்தார். கண்டவர் என்ற உரிமை தமக்கே இருக்க வேண்டும் என்பதிலும் கவனமாக இருந்தார். புரூஸ் குழுவினர் அந்த ஒட்டுண்ணியே நோயின் காரணி என்பதையும், செட்சி ஈ அதைக் காவுகின்றது என்பதையும் நிறுவினர். கண்டுபிடிப்பு யாருடையது என்ற சர்ச்சை பின்னர் இலண்டன் பத்திரிகைப் பத்திகள்வரை இழுபட்டது. கண்ணால் முதலிற் கண்டவர் ஒருவர், கண்டதற்குப் பொருள் சொன்னவர் இன்னொருவர் என்று கொள்வதே இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

அந்தச் சர்ச்சை சூடேறுவதற்கு முன்பே காஸ்டெலானி உகண்டாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். 1903இல் இலங்கை அரசாங்கத்தின் நுண்ணங்கியியலாளராக அவர் நியமனம் பெற்றுக் கொழும்பு வந்தார். இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடியான பக்டீரியா ஆய்வு நிலையம் அவரது பொறுப்பில் வந்தது. இலங்கை மருத்துவக் கல்லூரியில் விரிவுரைகளும் நிகழ்த்தினார். வெப்பமண்டல நோய்களுக்கான சிகிச்சை நிலையமொன்றையும் நடத்தினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள், அதாவது 1915வரை, கொழும்புதான் அவரது களம். அவரது வாழ்வின் மிகவும் விளைச்சல் மிக்க காலம் அதுவே எனலாம்.

அக்காலத்து வன்னியைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் தொடங்கியது 1902இல். முடிந்தது 1920களின் தொடக்கத்தில். கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டம் 1936இல்தான் ஆரம்பமாயிற்று. குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் காடு வெட்டிக் கழனியாக்கிய உருத்திரபுரம் போன்ற ஊர்களின் இன்றைய தோற்றம் அதற்குப் பின்னர் உருவானது. காஸ்டெலானி கொழும்பில் இருந்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதி உடைந்த குளங்களும் அடர்ந்த காடும் ஆங்காங்கே சிதறிய சிறு கிராமங்களுமாகவே கிடந்தது. அக்கிராமங்களை இரண்டு நோய்கள் அரித்துத் தின்றன. ஒன்று மலேரியாக் காய்ச்சல். மற்றையது பறங்கி.

பறங்கி என்ற சொல்லை இன்றைய தலைமுறை நோயின் பெயராக அறியாது. அறியாதிருப்பதே ஒரு நற்பேறு. போர்த்துக்கேயரோடு வந்த நோய் என்ற நம்பிக்கையில் நம் முன்னோர் அதற்கு அந்தப் பெயரை இட்டனர். சிங்கள மக்களும் அதே பெயரால்தான் அழைத்தனர். முதலில் ஒரு கொப்புளம் தோன்றும். பின்னர் உடலெங்கும் பழக்கொத்துப் போன்ற புண்கள் பரவும். சிறுவர்களையே அது பெரிதும் பீடிக்கும். உள்ளங்காலில் தோன்றினால் பாதத்தை ஊன்ற முடியாமல் நண்டு நடப்பதுபோல ஓரத்தால் நடக்க நேரும். ஆண்டுகள் செல்ல எலும்பும் மூக்கும் சிதைந்துபோவதும் உண்டு. குடியேற்ற அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் இந்நோய் குறித்துத் தனி அறிக்கையே எழுதினார். வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் குளங்கள் தூர்ந்து, நல்ல நீரும் போதிய உணவும் இல்லாமற்போன ஊர்களில் அது தங்கிவிட்டது என்பதை அன்றைய அதிகாரிகள் உணர்ந்திருந்தனர். ஆனால் நோயின் காரணி எதுவென்று எவருக்கும் தெரியவில்லை. மேகநோயின் ஒரு வடிவம் என்று பலர் எண்ணினர். அதனால் நோயாளிகள் மீது ஒழுக்கக் கேடு என்ற பழியும் விழுந்தது.

1905இல் காஸ்டெலானி பறங்கிப் புண்ணின் நீரில் சுருளிவடிவான, மிக மெல்லிய நுண்ணங்கி ஒன்றைக் கண்டார். ஜெர்மனியில் சௌடினும் ஹொஃப்மனும் மேகநோயின் காரணியைக் கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டு கிருமிகளும் உருவத்தில் பிரித்தறிய இயலாத அளவுக்கு ஒத்தவை. ஆயினும் அவை வெவ்வேறு நோய்களைத் தருபவை என்பதைக் காட்டக் குரங்குகளில் அவர் தொடர் சோதனைகள் செய்தார். பறங்கி பாலுறவால் வருவதன்று. புண்ணின் நீர் அடுத்தவர் தோலிலுள்ள கீறலில் படுவதால் தொற்றுவது. காட்டோரக் குடிசைகளில் ஒரே பாயில் படுத்துறங்கிய பிள்ளைகளிடையே அது பரவியதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு முழுச் சமூகத்தின் மேல் கிடந்த இழிசொல்லை ஒரு நுணுக்குக்காட்டி துடைத்தது. பறங்கி என்று பெயர் பெற்ற நோயின் மூலத்தைக் கண்டறிந்தவரும் மேற்கிலிருந்து வந்த ஒரு பறங்கியே என்பதில் ஒரு வேடிக்கையும் இருக்கத்தான் செய்கிறது.

காஸ்டெலானியின் கவனம் அதற்குப் பின்னர் பங்கசுகளின் பக்கம் திரும்பியது. ஐரோப்பாவின் தோல் மருத்துவர்கள் அதுவரை தலையில் வரும் படர்தாமரையையே பெரும்பாலும் ஆராய்ந்தனர். வியர்வையும் ஈரமும் நீங்காத நாட்டில் பங்கசு உடலின் எந்தெந்த மடிப்புகளிலெல்லாம் குடியேறும் என்பதைக் கொழும்புச் சிகிச்சை நிலையம் அவருக்குக் காட்டிக்கொடுத்தது. தொடையிடுக்கில் வரும் படர்தாமரையில், வளர்ப்பு ஊடகத்தில் இட்டால் செந்நிறம் காட்டும் ஒரு பங்கசை அவர் 1910இல் விபரித்தார். செந்நிறத்தைக் குறிக்கும் ரூப்ரம் என்ற இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். மறு ஆண்டே பாரிசின் சபுரோ அதை வேறொரு பேரினத்துக்கு மாற்ற, இன்று அது திரைக்கோபைற்றன் ரூப்ரம் என்று வழங்குகின்றது. உலகெங்கும் மனிதரின் விரல் இடுக்கையும் நகத்தையும் தாக்கும் பங்கசுகளில் இன்று முதலிடத்தில் நிற்பது அதுதான். கண்டிடா என்னும் நொதி இனத்தில் மூன்றினை முதன்முதலில் விபரித்தவரும் அவரே. அவற்றில் ஒன்றுக்குத் தம் ஆசான் குருஸேயின் பெயரைச் சூட்டினார். கொப்பரா ஆலைத் தொழிலாளரின் உடலில் வரும் கடும் சொறிக்கு உண்ணி ஒன்றே காரணம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

இந்த நுண்ணங்கிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் உடலிலிருந்து சுரண்டி எடுக்கப்பட்டது. கொப்பரா உடைத்த கையும், சுமை சுமந்த தோளும், சேற்றில் நின்ற காலும் அவை. அவர்கள் சிங்களவராக, தமிழராக, முஸ்லிம்களாக இருந்திருப்பர். ஆய்வுக் கட்டுரைகளில் அவர்களுக்கு இடப்பட்டவை நோயாளி என்ற பொதுப்பெயரும் ஓர் இலக்கமும்தான். அக்கால மருத்துவ எழுத்தின் வழக்கம் அது என்பது உண்மையே. ஆனாலும் குருஸேக்கும் காஸ்டெலானிக்கும் ஒரு கிருமியிலாவது பெயர் தங்கியிருக்க, தோலைக் கொடுத்தவர் ஒருவரின் பெயரும் எங்கும் தங்கவில்லை என்பதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

இலங்கை மருத்துவக் கல்லூரியின் பதிவாளராக இருந்த அல்பர்ட் சால்மர்ஸ் என்பவருடன் சேர்ந்து காஸ்டெலானி எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கைந்நூல் 1910இல் வெளிவந்தது. 1919இல் வந்த மூன்றாம் பதிப்பு இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் பணிபுரிந்த ஒரு தலைமுறை வைத்தியர்களுக்கு அதுவே துணையாக இருந்தது. நெருப்புக்காய்ச்சலுக்கும் அதனையொத்த காய்ச்சல்களுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக ஏற்றும் கலப்புத் தடுப்பூசிக்கும் அவர் உழைத்தார். 1915இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகப் பதவியை ஏற்று இலங்கையை விட்டுச் சென்ற அவர், முதலாம் உலகப் போரில் சேர்பியாவிலும் இத்தாலியக் கடற்படையிலும் மருத்துவப் பணி செய்தார். போர் முடிந்ததும் இலண்டனில் குடியேறினார். அங்கும் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சிலும் கற்பித்தார். 1928இல் பிரித்தானியா அவருக்குச் சேர் பட்டம் வழங்கியது. செந்நிறப் பூச்சு மருந்தைப் பற்றிய அவரது கட்டுரை வெளியானதும் அதே ஆண்டில்தான்.

அந்த மருந்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் எதுவும் கிடையாது. ஃபுக்சின் என்ற சாயம், பீனோல், போரிக் அமிலம், ரிசோர்சினோல், அசெற்றோன், மதுசாரம், நீர் என எல்லாமே அன்றைய ஆய்வுகூட அலுமாரியில் இருந்தவை. ஃபுக்சின் 1850களின் இறுதியில் பிரான்சில் உருவான துணிச்சாயம். 1859இல் இத்தாலி மண்ணில் மெஜெந்தா என்ற ஊரில் நடந்த போரின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. ஃபுக்சினும் பீனோலும் கலந்த திரவத்தைக் காசநோய்க் கிருமியைச் செந்நிறமாக்கிப் பார்ப்பதற்கு நுண்ணங்கியியலாளர் நாளும் பயன்படுத்தினர். கண்ணாடித் தகட்டில் கிருமிக்குச் சாயமேற்றியதை மனிதரின் காலுக்குக் கொண்டுவந்ததே காஸ்டெலானியின் யோசனை.

ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு வேலை உண்டு. சாயம் பங்கசையும் சில பக்டீரியாக்களையும் அடக்கும். பீனோல் கிருமியைக் கொல்வதோடு நரம்பு நுனிகளைச் சற்றே மரக்கச் செய்து அரிப்பையும் தணிக்கும். ரிசோர்சினோல் தடித்து ஊறிய மேற்றோலை இளக்கி உரியச் செய்யும்; பங்கசு குடியிருப்பது அந்த மேற்றோலில்தான். மதுசாரமும் அசெற்றோனும் விரைவில் ஆவியாகிப் பூசிய இடத்தை உலர்த்திவிடும். களிம்பு வகைகள் ஊறிப்போன விரல் இடுக்கில் ஈரத்தை அடைத்துவைக்க, இது அதை உலர்த்தியது. விலையும் குறைவு. துணியிலும் தரையிலும் பட்டால் கறை போகாது என்பதே நோயாளிகளின் முறைப்பாடாக இருந்தது. அந்தக் கறையினால் ஒரு நன்மையும் இருந்தது. எந்த இடத்தில் மருந்து பட்டது, எங்கே படவில்லை என்பதைத் தாதி ஒரு பார்வையில் அறிந்துகொண்டார்.

விரல் இடுக்கை உலர்வாக வைத்திருப்பதே இந்நோய்க்கு முதல் மருந்து என்பதை இன்றைய தோல் மருத்துவமும் வலியுறுத்துகின்றது. வுழூச் செய்யும்போது கால்விரல்களின் இடையே கைவிரலால் கோதிக் கழுவும் சுன்னத்தான வழக்கம் முஸ்லிம் வாசகர்கள் அறிந்ததே. அந்தச் சுத்தம் சேற்றையும் அழுக்கையும் நீக்கும். கழுவிய பின் அதே இடுக்கை ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பங்கசுக்கு வேண்டிய ஈரமும் நீங்கிவிடும். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி வயல்களில் இறங்கும் முஸ்லிம் கமக்காரருக்கும் உருத்திரபுரத்துக் கமக்காரருக்கும் இதில் வேறுபாடு ஒன்றும் கிடையாது.

இந்த அளவில் நின்றிருந்தால் காஸ்டெலானியின் வாழ்க்கை பாடப்புத்தகத்துக்குப் பொருத்தமான கதையாகியிருக்கும். 1930களில் அவர் மீண்டும் ரோமாபுரிக்குச் சென்று அங்கு வெப்பமண்டல நோய் மருத்துவமனைக்குப் பொறுப்பாக இருந்தார். முசோலினியின் ஆட்சி அவரைக் கொண்டாடியது. செனற் சபை உறுப்புரிமையும் அவருக்குக் கிடைத்தது. லிபியாவில் எழுபது வயதைக் கடந்த உமர் முக்தாரை 1931இல் மக்கள் முன்னிலையில் தூக்கிலிட்ட ஆட்சி அது என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

1935 ஒக்டோபர் 3ஆம் திகதி இத்தாலியப் படை எதியோப்பியாவுக்குள் நுழைந்தது. அபீசீனியா என்று முன்னர் வழங்கிய நாடு அது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட நபித் தோழர்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் கொடுத்த மண் என்பதால் முஸ்லிம் உலகமும் அதைத் தனி மதிப்புடன் நினைவுகூர்கின்றது. அந்தப் படையெடுப்பின் மருத்துவப் பொறுப்பு முழுவதும் காஸ்டெலானியின் கையில் இருந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைக் கொண்ட படைக்கு வைத்தியசாலைக் கப்பல்கள், சுத்தமான குடிநீர், குயினைன், தடுப்பூசி என்று அவர் திட்டமிட்டார். வெப்பமண்டலப் போர்களில் குண்டுகளைவிட நோயே அதிகம் பேரைக் கொன்று வந்த காலத்தில், இத்தாலியப் படையில் நோயினால் இறந்தோர் தொகை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்ததாக அவர் அறிக்கை தந்தார். உகண்டாவிலும் கொழும்பிலும் திரட்டிய அறிவின் உச்சப் பயன்பாடு அது என்று மருத்துவ உலகம் பாராட்டியது.

அதே போரில் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைப் பொழிந்தன. தோலை எரித்துக் கொப்புளிக்க வைக்கும் நஞ்சு அது. எண்ணெய் போல நிலத்திலும் புல்லிலும் படிந்து கிடக்கும். எதியோப்பியப் போர்வீரரிலும் கிராமத்தவரிலும் பெரும்பாலோர் வெறுங்காலுடன் நடந்தவர்கள். நஞ்சு படிந்த நிலத்தில் கால் வைத்தவர்களின் பாதங்கள் வெந்து உரிந்தன. 1935 டிசம்பர் 30ஆம் திகதி சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் கள வைத்தியசாலையும் குண்டுவீச்சுக்கு உள்ளானது. 1936 ஜூனில் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டார். உலகம் கேட்டுக்கொண்டிருந்தது, அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. நஞ்சு வாயுப் பயன்பாட்டை இத்தாலியின் பாதுகாப்பு அமைச்சு உத்தியோகபூர்வமாக ஒப்புக்கொள்ள 1996வரை ஆயிற்று.

வாயுவைப் பொழியும் தீர்மானத்தில் காஸ்டெலானிக்குப் பங்கு இருந்தது என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அதனைச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர் குணமாக்கும் பக்கத்தில் இருந்தவர். ஆனால் எந்தப் படையைக் குணமாக்கி முன்னே அனுப்பினார் என்பதும் ஒரு கேள்வி. வெறுங்கால் மனிதர்களின் பாதத்தைப் பற்றி அன்றைய உலகில் அவரளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. அந்த அறிவு முழுவதையும் அவர் வெறுங்கால் மக்களை மிதித்துச் சென்ற சப்பாத்துக் கால்களுக்குக் கொடுத்தார். போரின் பின்னர் சோமாலியாவின் கிஸ்மாயோ நகரின் பெயரால் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. முஸ்லிம்கள் வாழும் ஒரு துறைமுகப் பட்டினத்தின் பெயர், அந்த மக்களைக் கேட்காமலே, புளோரன்ஸ்காரர் ஒருவரின் பெயருக்குப் பின்னால் ஒட்டப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். வைத்தியர்கள் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்ற வாதம் இந்த இடத்தில் எடுபடுவதாகத் தெரியவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் வைத்தியசாலைகள் எந்நிலையில் இருந்தன என்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவும் தேவையில்லை.

அவரது குடும்பத்தையே இரண்டாம் உலகப் போர் இரண்டு பக்கமாக நிறுத்தியது. மகள் ஜாக்குலின் 1934இல் மணந்தது எகிப்தில் பிரித்தானியாவின் பிரதிநிதியாக இருந்த மைல்ஸ் லாம்சனை. 1942 பெப்ரவரியில் கெய்ரோ அரண்மனையைத் தாங்கிகளால் சூழ்ந்து மன்னர் பாரூக்கைப் பணியவைத்தவர் அந்த லாம்சன்தான். மாமனார் பகைநாட்டின் மருத்துவத் தலைவர். மருமகன் பிரித்தானியப் பேரரசின் கெய்ரோத் தூதுவர். மன்னரின் அரண்மனையில் இத்தாலியப் பணியாளர் இருப்பதை எதிர்த்து லாம்சன் அழுத்தம் கொடுத்த காலத்தில் அவரது இல்லத்தரசியும் இத்தாலியர் மகளே என்பது கெய்ரோவில் எவருக்கும் தெரியாத இரகசியமாக இருந்திருக்காது.

1946இல் இத்தாலிய மக்கள் வாக்களித்து முடியாட்சியை அகற்றினர். நாட்டை விட்டு வெளியேறிய அரசி மரியா ஜோசேயுடன் காஸ்டெலானியும் போர்த்துக்கலுக்குச் சென்றார். பறங்கிப் புண்ணின் கிருமியைக் கண்டவர் கடைசியில் பறங்கியரின் தலைநகரிலேயே குடியமர்ந்தார். லிஸ்பனின் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தில் முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1960இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்குக் கிருமிகளையும் மனிதர்களையும் மன்னர்களையும் ஒரு வரிசையில் நிறுத்தித் தலைப்பிட்டார். 1971 ஒக்டோபர் 3ஆம் திகதி, எதியோப்பியப் படையெடுப்பு தொடங்கிய அதே திகதியில், 97ஆவது வயதில் காலமானார். 1930இல் தமது வளர்ப்புக் கிண்ணமொன்றில் தற்செயலாக அவர் கண்ட அமீபா ஒன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவர் இறப்பதற்கு முன்பே பறங்கி நோயின் கதை ஏறக்குறைய முடிந்திருந்தது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 46 நாடுகளில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்குப் பென்சிலின் ஏற்றின. இந்தியா 2016இல் இந்நோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. கிருமியின் அடையாளத்தை 1905இல் கொழும்பில் ஒருவர் வகுத்திராவிட்டால் அந்த ஊசியை எதன்மீது குறிவைப்பது என்பது இன்னும் சில காலம் தெளிவில்லாமலே இருந்திருக்கும்.

பங்கசின் கதை அப்படி முடியவில்லை. சென்ற பத்தாண்டுகளில் இந்தியாவில் பெருகிய படர்தாமரை, வழமையான மாத்திரைகளுக்கும் களிம்புகளுக்கும் மசியாத புதிய பங்கசினால் வருகின்றது என்பதை ஆய்வாளர்கள் கண்டனர். 2020இல் அதற்குத் திரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்று பெயரிடப்பட்டது. வைத்தியரின் சீட்டின்றிக் கடைகளில் வாங்கும் ஸ்ரீரொய்ட் கலந்த களிம்புகளே அதன் பரவலுக்கு முக்கிய துணை. அவை அரிப்பை இரண்டு நாளில் அடக்கும். பங்கசோ தோலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் அமைதியாகப் பரவும். நம் ஊர்களிலும் அயலவருக்குச் சுகம் தந்த களிம்பென்று ஒருவர் பாவித்த குழாயை மற்றவர் வாங்கிப் பூசும் பழக்கம் இருக்கின்றது. படர்தாமரையோ சேற்றுப்புண்ணோ இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் காட்டுவதே முறை. நீரிழிவு உள்ளவர்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவும் கூடாது.

காஸ்டெலானியின் செந்நிறப் பூச்சு இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. சில நாடுகளின் மருந்தகங்கள் மட்டும் வைத்தியரின் சீட்டுக்கு இன்றும் அதைக் கலந்து கொடுக்கின்றன. பீனோலும் போரிக் அமிலமும் தோலினூடாக உடலில் சேரக்கூடியவை என்பதால் குழந்தைகளுக்கும் அகன்ற திறந்த புண்களுக்கும் அதைப் பூசுவதில்லை. ஃபுக்சின் சாயத் தொழிற்சாலைகளில் வேலை செய்தோரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதைத் தொடர்ந்து சாயத்தின் மீதும் ஐயம் விழுந்தது. அதனால் சாயத்தை நீக்கிய, நிறமற்ற கலவையொன்றையும் தயாரிக்கத் தொடங்கினர். போத்தலில் சிவப்பு இல்லை. ஒட்டியிருக்கும் பெயர் மட்டும் இன்னும் காஸ்டெலானியினுடையதே.